தக்கை இல்லாத அடைப்பு

இந்த வருஷம் பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன் வந்தது. பள்ளியில் என்னோடு பத்து வருஷம் ஒரே வகுப்பில் படித்த தோழன் தாம்பரத்தில் முந்தின நாள் இரவு காலமாகிவிட்டான். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள் என்று அவன் மகன் சொன்னான். புதுச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும். நான் கார் ஓட்டுவதை விட்டு வெகு நாளாகிறது. பழக்கமான டிரைவர் தம்பியை வரச் சொல்லிப் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டேன்.

திண்டிவனம் வரை குறையில்லை. மதுராந்தகம் தாண்டியதும் வண்டிகள் நெருங்கின. பிறகு நின்றன. கொஞ்சம் நகர்ந்தன. மறுபடி நின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கையில் கடிகாரமும் மனத்தில் நான்கு மணியும்.

எங்கள் டிரைவரின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் போகும் வண்டி நகர்ந்தாலும் இவர் உடனே பாய்ந்து ஒட்டுவதில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே போவார். நடுவில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு இடம் கிடக்கும். அந்த இடத்தில் பக்கத்து வரிசைக்காரர்கள் நுழைந்துகொண்டே இருந்தார்கள்.

"தம்பி, முன்னாடி இவ்வளவு எடம் கெடக்குதே, போயேன்" என்றேன்.

"போயி என்னங்கையா பண்றது, மறுபடி பிரேக்குதான் போடணும்."

"கண்டவனெல்லாம் பூந்துக்கிட்டுப் போறானே!"

"போகட்டுங்கையா. அவருக்குப் பின்னாடி மறுபடி எடம் விட்டுக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாவு வீட்டுக்குப் போகிறவனை இப்படியா ஓட்டிக்கொண்டு போவது என்று நான்கு வார்த்தை கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குமேல் இப்படிப் போயிற்று. பிறகு திடீரென்று வழி திறந்தது. விபத்து ஏதும் இல்லை. பழுதான லாரி இல்லை. சாலை வேலை இல்லை. சுங்கச்சாவடி இன்னும் தூரத்தில் இருந்தது. வண்டிகள் எதனால் நின்றனவோ அந்த 'எது'வை நான் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே போனேன். ஒன்றையும் காணோம்.

தாம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் மூடியாகிவிட்டது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

என்னைத் தடுத்தது எது என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை. கல்லூரியில் பொறியியல் படிக்கும் பேரன் சில கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தான். பிரெஞ்சில் இருந்தவற்றை நானே தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். நாங்கள் பள்ளியில் பிரெஞ்சு வழியாகப் படித்தவர்கள். சாலையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பதற்கு அந்த மொழியில் 'புஷோன்' என்பார்கள். புட்டியின் வாயை அடைக்கும் தக்கைக்கும் அதே பெயர்தான். இன்னொரு சொல் 'ஆம்பூத்தெய்யாஜ்'. அதற்குள்ளும் 'பூத்தெய்', அதாவது புட்டி இருக்கிறது. ஆங்கிலேயர்களும் நெரிசல் உண்டாகும் இடத்தைப் 'புட்டிக் கழுத்து' என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சொற்களெல்லாம் நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டன: அடைப்பு இருந்தால் எங்கேயோ முன்னால் ஒரு தக்கை இருக்க வேண்டும், அதைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று. அன்றைக்கு நான் தேடியதும் அந்தத் தக்கையைத்தான்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த நாட்களில் சில வருஷங்கள் சாலைப் பிரிவு ஒன்றில் குமாஸ்தா. வருஷத்தில் சில நாட்கள் சாலையோரத்தில் ஆட்களை உட்கார வைத்து வண்டிகளை எண்ணுவார்கள். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. கார், பஸ், லாரி, ஸ்கூட்டர், சைக்கிள், மாட்டு வண்டி என்று தனித்தனிக் கட்டம். அந்தத் தாள்கள் என் மேஜைக்கு வரும். எல்லாவற்றையும் கார் கணக்காக மாற்றிக் கூட்டுவது என் வேலை. ஒரு கார் என்றால் 1. மோட்டார் சைக்கிள் அரை. பஸ்ஸும் லாரியும் 3. மாட்டு வண்டிக்கு 6 அல்லது 8. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அட்டவணை அது. அந்த அமைப்பு 1934-இல் தொடங்கியது.

மாட்டு வண்டி சின்னதுதானே, அதற்கு ஏன் எட்டுக் கார் என்று அப்போது மேலதிகாரியைக் கேட்டேன். "அது பிடிக்கிற இடத்துக்கு இல்லையப்பா, பின்னால் வருகிறவனை அது படுத்துகிற பாட்டுக்கு" என்றார். ஒரு வண்டி மற்ற வண்டிகளை என்ன செய்கிறது என்பதன் அளவே அந்த எண். பெருக்கிக் கூட்டிக் கையெழுத்து வாங்கினேனே தவிர, அந்தப் பதிலை அதற்குமேல் யோசிக்கவில்லை.

நம் சாலைக் காங்கிரஸ் பிறந்த அதே காலத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரத்தில் சினிமா கேமரா ஒன்றை நிறுத்தினார். சீரான இடைவெளியில் படம் எடுத்தார். அடுத்தடுத்த படங்களில் ஒரே கார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரியும். படத்துக்குள் எத்தனை கார் என்று பார்த்தால் நெருக்கம் தெரியும். எங்கள் ஆட்கள் எண்ணியது வண்டிகளை மட்டும். அவர் வண்டிகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தையும் சேர்த்து அளந்தார்.

1935-இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. அதை அவர் நேர்கோடாகவே வரைந்தார். கையில் இருந்த தகவல் கொஞ்சம்தான், கோடு அவ்வளவு நேராக இருக்காது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கோட்டிலிருந்து கிடைக்கும் பாடம் நிற்கிறது. சாலையில் ஒரே ஒரு கார் இருந்தால் வேகம் அதிகம், ஆனால் போய்ச் சேர்வது ஒரே கார். சாலை நிறையக் கார் நின்றால் நெருக்கம் அதிகம், ஆனால் ஒன்றும் போய்ச் சேராது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் ஒரு மணி நேரத்தில் அதிக வண்டிகள் கடக்கின்றன. அவருடைய நேர்கோட்டின்படி, காலியான சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள் 40-இல் போகும்போதுதான் சாலை முழு வேலை செய்கிறது. அந்த நெருக்கத்தையும் தாண்டி ஒருவரை ஒருவர் ஒட்டினால் எல்லாருக்கும் நஷ்டம்.

அடுத்த பெரிய அடி 1955-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்டு விட்ஹம் என்று இரண்டு கணித அறிஞர்கள். லைட்ஹில் பிறந்தது பாரிசில் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடத் தோன்றியது. பிற்பாடு கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவிக்கு வந்தவர். அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தவர் ஸ்டீஃபன் ஹாக்கிங். அவரும் விட்ஹமும் ராயல் சொசைட்டியின் இதழில் இரண்டு கட்டுரைகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். முதல் கட்டுரை நீண்ட ஆறுகளில் வெள்ளம் எப்படி நகர்கிறது என்பது. இரண்டாவது, நெரிசலான நீண்ட சாலைகளில் வண்டிகள் எப்படி நகர்கின்றன என்பது. இரண்டுக்கும் ஒரே கணக்கு. அடுத்த வருஷம் அமெரிக்காவில் பால் ரிச்சர்ட்ஸ் என்பவரும் தனியாகவே இதே முடிவுக்கு வந்தார்.

அவர்கள் சொன்னதை ரேஷன் கடை வரிசையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நூறு பேர் நிற்கிறார்கள். முதல் ஆள் சாமானை வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டாமவர் ஓர் அடி முன்னால் வைக்கிறார். அதைப் பார்த்து மூன்றாமவர், பிறகு நான்காமவர். ஆட்கள் எல்லாரும் முன்னால்தான் நகர்கிறார்கள். ஆனால் அந்த 'நகர்வு' இருக்கிறதே, அது பின்னால் போகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி ஆளிடம் போய்ச் சேர்கிறது. சாலையிலும் அப்படித்தான். வண்டிகள் சென்னையை நோக்கிப் போகின்றன, நெரிசல் அலையாகத் திண்டிவனத்தை நோக்கி வருகிறது.

நெடுஞ்சாலைகளில் இந்த அலை பின்னோக்கி வரும் வேகம் மணிக்குச் சுமார் 15 முதல் 20 கிலோமீட்டர் என்று பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். மணிக்கு 18 என்று வைத்துக்கொண்டால் அரை மணியில் 9 கிலோமீட்டர். அதாவது, நான் ஓரிடத்தில் மாட்டி நிற்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அரை மணி முன்பு 9 கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கலாம். நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது அங்கே சாலை வெறிச்சென்று இருக்கும். தக்கையை நான் ஏன் காணவில்லை என்பதற்குப் பாதி விடை இது.

சரி, அரை மணி முன்பாவது அங்கே ஏதாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் கதை இன்னும் விசித்திரமாகிறது.

ராபர்ட் ஹெர்மன் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர் 1948-இல் ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து, பிரபஞ்சம் பிறந்தபோது உண்டான வெப்பத்தின் மிச்சம் இன்னும் வானமெங்கும் பரவியிருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார். பல வருஷம் கழித்து அது கண்டுபிடிக்கப்பட்டு, கண்டுபிடித்த வேறு இருவருக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெர்மனோ அதற்குள் 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, ஒரு காரின் பின்னால் போகும் இன்னொரு கார் என்ன செய்கிறது என்பது.

1958-இல் சாண்ட்லர், ஹெர்மன், மோன்ட்ரோல் மூவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு சாதாரணக் கருவியைப் பயன்படுத்தினார்கள். பின் காரின் முன்பக்கத்தில் ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பி, அந்தக் கம்பியின் நுனி முன் காரின் பம்பரில். இரண்டு கார்களுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடினாலும் குறைந்தாலும் கம்பி சொல்லிவிடும். முன் கார் வேகத்தை மாற்றியதும் பின் கார்காரர் எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு பலமாகப் பதில் செய்கிறார் என்று பார்த்தார்கள். தாமதம் சராசரியாக ஒன்றரை விநாடி.

ஒன்றரை விநாடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். இனி ஒரு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்காரர் ஏதோ நினைப்பில் 80-லிருந்து 75-க்குக் குறைக்கிறார். இரண்டாமவர் ஒன்றரை விநாடி தாமதமாகக் கவனிக்கிறார். அதற்குள் நெருங்கிவிட்டதால் 72 வரை குறைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாமவர் 68. இப்படியே போனால் எங்கோ பின்னால் ஒருவர் முழுதாக நிற்கிறார். நடுவில் போதிய இடம் இருந்திருந்தால் இந்தச் சின்ன அசைவு போகப் போகத் தேய்ந்திருக்கும். இடம் இல்லாததால் வளர்கிறது. எப்போது தேயும், எப்போது வளரும் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் காட்டினார்கள். பிரெஞ்சில் இதற்கு 'அக்கார்தியோன் விளைவு' என்று பெயர். நம் ஹார்மோனியத்தின் துருத்தி மாதிரி விரிந்து சுருங்குவது. புஷோனைவிட இது உண்மைக்கு நெருங்கிய சொல்.

ஆக, தக்கை என்ற பொருளே தேவையில்லை. யாரோ ஒருவர் லேசாகப் பிரேக் மிதித்தது போதும். மிச்சத்தைப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவர்களே செய்து முடித்துவிடுகிறார்கள்.

இதைச் செயலில் காட்டிய இடம் நியூயார்க்கின் ஹாலண்ட் சுரங்கச் சாலை. ஹட்சன் ஆற்றின் அடியில் நியூ ஜெர்சிக்குப் போகும் வழி. 1927-இல் திறந்தது. ஆற்றின் அடியிலிருந்து மேலே ஏறும் பகுதியில் லாரிகள் திணறும், பின்னால் நின்று நின்று போகும் அலைகள் கிளம்பும். லெஸ்லி ஈடி, ராபர்ட் ஃபூட் முதலியவர்கள் துறைமுக ஆணையத்துக்காக அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். 1950-களின் இறுதியில் அங்கே ஒரு சோதனை நடந்தது. இரண்டு நிமிஷத்துக்கு 44 வண்டிகள்தான் உள்ளே விடுவது, 44 சீக்கிரமே நுழைந்துவிட்டால் மிச்ச நேரம் வாசலில் நிறுத்திவைப்பது. இதனால் கூட்டங்களுக்கு நடுவில் வெற்றிடம் விழுந்தது. முன்கூட்டத்தில் கிளம்பிய அலை அந்த வெற்றிடத்துக்கு வந்ததும் அடங்கிவிட்டது. தடையில்லாமல் விட்டபோது ஒரு வரிசையில் மணிக்கு 1176 வண்டிகள் கடந்தன. வாசலில் நிறுத்தி நிறுத்தி விட்டபோது 1320 கடந்தன. குறுக்கே கை நீட்டித் தடுத்ததால் அதிகம் பேர் போனார்கள்! கணக்குப் பார்த்தே வாழ்ந்தவன் நான், எனக்கே இதை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

பிரான்சின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஆகஸ்ட் பிறந்தால் ஊரே விடுமுறைக்குத் தெற்கே கிளம்பும். 1975 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. நாடு முழுவதும் சேர்த்து 600 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. அங்கே குடியேறிய என் பெரியப்பா மகன் அப்போது எழுதிய கடிதத்தில், கார் எஞ்சினை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சாலையில் விளையாட விட்டதாக எழுதியிருந்தார். அடுத்த வருஷமே அரசாங்கம் 'பிசோன் ஃபுய்த்தே' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. 'கெட்டிக்காரக் காட்டெருமை' என்று அர்த்தம். அமெரிக்கப் பழங்குடிச் சிறுவன் போல ஒரு பொம்மைப் படம். எந்த நாள், எந்த நேரம் கிளம்பினால் நல்லது என்று சொல்லும். பிற்பாடு பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாட்களுக்கு நிறம் கொடுத்தார்கள். அலையைக் கிளப்பியது யாராக இருந்தாலும், அது வளர்வதற்கு நெருக்கம் வேண்டும். அந்த நெருக்கத்தைக் குறைக்கும் வழி இது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமையை அந்தக் காட்டெருமை நிச்சயம் கறுப்பு நாள் என்றிருக்கும்.

1995-இல் லண்டனைச் சுற்றிப் போகும் எம்-25 சாலையில், நெருக்கத்துக்கு ஏற்ப வேக வரம்பை மாற்றிக் காட்டும் பலகைகளை வைத்தார்கள். கூட்டம் சேரும்போது எல்லாரையும் முன்கூட்டியே மெதுவாக, ஒரே சீராக ஓட்டச் சொல்வது. பாய்ந்து போய் நிற்பதைவிட அது மேல் என்பதுதான் தத்துவம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. 1992-இல் காய் நாகெல், மைக்கேல் ஷ்ரெக்கென்பெர்க் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் சாலையைச் சதுரங்கக் கட்டம் போல 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கார்களை ஓடவிட்டார்கள். வெளியிட்டது ஒரு பிரெஞ்சு இயற்பியல் இதழ். விதிகள் நான்கே: முடிந்தால் வேகம் கூட்டு, முன்னால் கார் இருந்தால் குறை, சில சமயம் காரணமில்லாமல் கொஞ்சம் குறை, பிறகு நகர். அந்த மூன்றாவது விதிதான் மனிதன். அதை எடுத்துவிட்டால் தானாக நெரிசல் பிறப்பதில்லை. சேர்த்தால் பிறந்துவிடுகிறது.

கணினியில் சரி, நிஜத்தில்? அதற்கு 2008-இல் பதில் வந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் குழுவினரும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை விட்டார்கள். சிக்னல் இல்லை, மேடு இல்லை, குறுகல் இல்லை. எல்லாரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். கட்டுரையின் தலைப்பே 'புட்டிக் கழுத்து இல்லாத நெரிசல்' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. பேரன் அந்தப் படத்தைக் காட்டினான். முதலில் கார்கள் அழகாகச் சுற்றுகின்றன. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் நெருங்குகிறது. பிறகு சில கார்கள் முழுதாக நின்றுவிடுகின்றன. நிற்கும் கூட்டம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"யாரு தாத்தா தப்புப் பண்ணது, சொல்லுங்க பாப்போம்" என்றான் பேரன். நான் மூன்று தடவை பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

சுமார் பத்து வருஷம் கழித்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் இதே போல வட்டத்தில் கார்களை ஓட்டி, அவற்றில் ஒன்றை மட்டும் கணினி கட்டுப்படுத்தும் காராக மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஒரு கார் முன்காரை விரட்டிப் பிடிக்காமல், சராசரி வேகத்தில் சீராக உருண்டது. இடம் விட்டது. அலை அடங்கிவிட்டது. இருபதுக்குச் சற்று அதிகமான கார்களில் ஒன்று மாறியதற்கே, எல்லாக் கார்களின் மொத்தப் பெட்ரோல் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது.

இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். முன்னால் இரண்டு கார் இடம் விட்டு, பிரேக் போடாமல், மெதுவாக உருட்டிக்கொண்டு போவது. இதைத்தானே அன்றைக்கு அந்தத் தம்பி செய்துகொண்டிருந்தார்?

வெளிநாட்டுக் கணக்கெல்லாம் நம் சாலைக்கு அப்படியே பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் போகும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. இங்கே ஸ்கூட்டர் இடுக்கில் நுழையும், ஆட்டோ குறுக்கே வரும், ஒரே சாலையில் டிராக்டரும் சொகுசுக் காரும் போகும். சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இந்தக் கலப்புப் போக்குவரத்தைத் தனியாகவே ஆராய்கிறார்கள். ஒருவர் இடம் விட்டால் அலை அடங்கிவிடும் என்று நம் ஊருக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னால் போட முடிகிற ஒரு கணக்கு உண்டு. ஒரு வரிசையில் அடுத்தடுத்துப் போகும் இரண்டு கார்களுக்கு நடுவில் சுமார் இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நமக்கு முன்னால் நுழைந்தால் நமக்கு நஷ்டம் அந்த இரண்டு விநாடிதான். அன்றைக்குப் பத்துப் பேர் நுழைந்திருப்பார்கள். மொத்தம் இருபது விநாடி. இருபது பேர் என்றாலும் நாற்பது விநாடி. நான் தாமதமானது நாற்பத்தைந்து நிமிஷம். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு நான் திட்டியது, அந்தச் சாலையில் நெரிசலை வளர்க்காமல் ஓட்டிய ஒருவரை.

போன மாதம் அவரைப் போனில் கூப்பிட்டேன். "தம்பி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீ ஓட்டினதுதான் சரி" என்றேன். அவருக்கு எந்த நாள் என்று ஞாபகம் வரவே கொஞ்ச நேரமாயிற்று. "அட, அதுங்களா. சாவுக்குப் போறப்ப எல்லாரும் அப்படித்தாங்கையா பேசுவாங்க. நான் மனசுல வெச்சுக்கல" என்றார். இப்படி ஓட்ட எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "முன்னாடி லாரி ஓட்டினேங்கையா. லோடு வண்டிய நிறுத்தி நிறுத்தி எடுத்தா டீசலும் போவும், கிளட்சும் போவும்" என்றார்.

எங்கள் பள்ளியில் தினமும் காலையில் வரிசை கட்டுவார்கள். வாத்தியார் பிரெஞ்சில், "உங்கள் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்!" என்று கத்துவார். உடனே ஒவ்வொருவனும் வலது கையை நேராக நீட்டி முன்னால் நிற்பவன் தோளில் விரல் நுனி படும்படி பின்னால் நகர வேண்டும். கை நீளத்துக்கு இடம் விட்ட பிறகுதான் "நட!" என்று உத்தரவு வரும். அப்படி நடந்தால் யாரும் யார் காலையும் மிதிக்க மாட்டோம்.

உயரப்படி நிற்க வைப்பார்கள். நான் ஒரு விரல் உயரம் அதிகம். அதனால் பத்து வருஷமும் எனக்கு முன்னால் நின்றவன் அவன்தான்.